வால்வு ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர்?

வால்வு ஆம்ப்பின் மேல் ஆசை பெரும்பாலும் கண் வழியாகத்தான் வருகிறது. ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் வால்வுகளைக் கடையில் பார்த்தவர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார். எந்த ஸ்பீக்கரில் இணைப்பது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், கடைசியாக ஆம்ப். ஏற்கெனவே ஆம்ப் வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்குபவருக்கு இவ்வளவு கவலை இல்லை. தரமான டிரான்சிஸ்டர் ஆம்ப் எந்த ஸ்பீக்கரில் இணைத்தாலும் ஏறத்தாழ ஒரே குணத்தோடு பாடும். வால்வு ஆம்ப்பின் ஒலியில் பாதியை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது. நண்பர் வீட்டில் குழைந்து பாடிய அதே ஆம்ப் உங்கள் வீட்டில் தொளதொளவென்று கேட்டால் ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு வேறு சுமை கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லாமல் ஒரு வால்வு ஆம்ப்பை மட்டும் யாராவது புகழ்ந்தால் அந்தப் பாராட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எத்தனை வாட் போதும்?

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் ‘சென்சிடிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதே அது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே 2 வாட் ஆகிவிடும். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் தாளில் 90 டெசிபல் என்றிருந்தால் மனதுக்குள் 3 கழித்து 87 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் இதில் பொய் சொல்வதில்லை. ஆனால் விளக்கியும் சொல்வதில்லை.

இரண்டு விதிகள் நினைவில் இருந்தால் போதும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்காக வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் ஸ்பீக்கர் 88 டெசிபல், 8 ஓம். நீங்கள் உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. திறந்த வெளியில் இந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டாக இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் அதில் ஐந்தாறு டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக, 1 வாட்டுக்கு உங்கள் காதில் சுமார் 84 டெசிபல். வீட்டில் ரசித்துக் கேட்கும் சராசரி அளவு 75 என்று வைத்தால் அதற்குக் கால் வாட்கூட வேண்டாம். ஆனால் சங்கீதம் சராசரியில் நிற்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் விழும் ஒரு மிருதங்க அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே எழும்பும். 95 டெசிபலைத் தொட 84-க்கு மேல் 11 டெசிபல், அதாவது 12 அல்லது 13 வாட் வேண்டும்.

இதை வால்வுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2ஏ3 வால்வு ஒன்றில் ஓடும் சிங்கிள் எண்டட் ஆம்ப் சுமார் மூன்றரை வாட் தரும். 300பி ஒன்று சுமார் 8 வாட். 845 சுமார் 20. இஎல்84 ஜோடி புஷ்-புல்லில் 12 முதல் 17 வரை. இஎல்34 ஜோடி 35-க்குப் பக்கம். 1959-ல் வந்து இன்றும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் டைனாகோ ஸ்டீரியோ 70 சானலுக்கு 35 வாட் தந்தது இந்த ஜோடியால்தான். கேடி88 ஜோடி 50-லிருந்து 75 வரை போகும்; 1961-ல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275 அந்த மேல் எல்லையைத் தொட்டது. ஆகவே 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 300பி எட்டாது, இஎல்84 விளிம்பில் நிற்கும், இஎல்34 நிம்மதியாக ஓடும். அதே நாற்காலியில் 96 டெசிபல் ஸ்பீக்கரைக் கேட்டால் 2 வாட் போதும். பால் கிளிப்ஷ் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் 105 டெசிபல் என்கிறது கம்பெனி. அதற்குக் கால் வாட். 1930-களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 300 வரிசை வால்வுகளைத் திரையரங்கு ஆம்ப்களில் பயன்படுத்தியது. எட்டு வாட்டில் திரையரங்கா என்று கேட்கலாம். திரைக்குப் பின்னால் பிரம்மாண்டமான ஹார்ன் ஸ்பீக்கர்கள் இருந்தன என்பதே பதில்.

வாட் கணக்கு இவ்வளவுதான். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் அடுத்ததில் இருக்கிறது.

8 ஓம் என்பது 8 ஓம் அல்ல

ஸ்பீக்கரின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் 8 ஓம் ஒரு பெயரளவு எண். நிஜத்தில் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும். பெட்டிக்குள் ஊஃபர் ஒத்ததிரும் இடத்தில் 20, 30 ஓம் வரை ஏறும். அடுத்து 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் பள்ளத்தில் இறங்கும். ஊஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் பகுதியில் பல ஸ்பீக்கர்களில் மறுபடி மேடு. இந்த வளைகோடு மேடு பள்ளமில்லாமல் இருந்தால் வால்வு ஆம்ப்புக்குக் கொண்டாட்டம். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ஆம்ப்புக்கும் தனக்கென்று ஓர் அவுட்புட் இம்பிடன்ஸ் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் கீழே. வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் உள்ள நல்ல புஷ்-புல் வால்வு ஆம்ப்பில் அரை ஓமிலிருந்து 1 ஓம் வரை. ஃபீட்பேக் இல்லாத 300பி சிங்கிள் எண்டடில் 2 முதல் 3 ஓம். ஆம்ப் தரும் வோல்டேஜை இந்த இரண்டு இம்பிடன்ஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

உங்கள் ஸ்பீக்கர் ஓரிடத்தில் 24 ஓமுக்கு ஏறுகிறது, இன்னோரிடத்தில் 4 ஓமுக்கு இறங்குகிறது என்று வையுங்கள். அவுட்புட் இம்பிடன்ஸ் 0.1 ஓம் உள்ள ஆம்ப்பில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒலி அளவில் வரும் வித்தியாசம் 0.2 டெசிபல், எந்தக் காதுக்கும் தெரியாது. அரை ஓம் ஆம்ப்பில் 1 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. கூர்ந்து கேட்பவருக்குத் தெரியலாம். 3 ஓம் ஆம்ப்பிலோ கிட்டத்தட்ட 4 டெசிபல்! மேடு இருக்கும் பேஸ் பகுதியும் கிராஸ்ஓவர் பகுதியும் 4 டெசிபல் தூக்கலாக வரும். யாரோ டோன் கண்ட்ரோலைத் திருகியது போலத்தான். மிருதங்கத்தின் தொப்பி கனமாகிப் பரவும், குரல் ஓரடி முன்னால் வந்து உட்காரும். ‘வால்வின் இதம்’ என்று சிலாகிக்கப்படுவதில் கணிசமான பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருவதே.

வால்வின் குணத்தை டிரான்சிஸ்டரிலும் கொண்டுவரலாம் என்று காட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர். 1985-ல் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையின் சவாலை ஏற்று, விலை குறைந்த தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அவர்கள் மெச்சிய விலையுயர்ந்த ஓர் ஆம்ப்போடு ஒப்பிட்டு, இரண்டின் வெளியீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டு, அது மறைகிறவரை தன்னுடையதைத் திருத்திக்கொண்டே போனார். முடிவில் பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்கள் மெச்சியது ஒரு வால்வு ஆம்ப்.

வால்வு ஆம்ப் ஒலியில் செய்யும் இந்த மாற்றம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தவறில்லை. காசு உங்களுடையது, காதும் உங்களுடையது. ஆனால் அது தற்செயலாக அமையக் கூடாது. பேஸ் ஏற்கெனவே தூக்கலான ஸ்பீக்கரை, நம் ஊரின் செங்கல் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட சதுர அறையில், இப்படியொரு ஆம்ப்போடு சேர்த்தால் பேஸ் கிடார் மொத்தமும் ஒரே ஸ்வரத்தில் முழங்கும்.

மூன்று பாடங்கள்

முதலாவது, எல்எஸ்3/5ஏ. 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளில் வைப்பதற்காக வடிவமைத்த சின்னப் பெட்டி; ரோஜர்ஸ், ஸ்பென்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கித் தயாரித்தன. சென்சிடிவிட்டி 82, 83 டெசிபல்தான். வாட் கணக்கை மட்டும் பார்ப்பவர் இதை வால்வு ஆம்ப் பக்கமே விடமாட்டார். ஆனால் வால்வு ரசிகர்கள் இன்றுவரை தேடி அலையும் ஸ்பீக்கர்களில் இதுவும் ஒன்று. முதலில் வந்தது 15 ஓம், 1980-களின் பிற்பகுதியில் வந்தது 11 ஓம். இவ்வளவு உயர்ந்த இம்பிடன்ஸ் ஆம்ப்பிடம் கரண்டைப் பிடுங்குவதில்லை. ஒன்றரை, இரண்டு மீட்டரில் உட்கார்ந்து 15 முதல் 30 வாட் புஷ்-புல்லில் குரலிசை கேட்பவருக்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படாது. கல்யாண மண்டப அளவில் நாதஸ்வரம் கேட்க நினைப்பவர் இதை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர். இதோடு ஜோடி சேர்ந்தது அவருடைய குவாட் 2 ஆம்ப். கேடி66 ஜோடி, 15 வாட். இந்த வகை ஸ்பீக்கர் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு கெபாசிட்டர். அதிர்வெண் ஏற ஏற இம்பிடன்ஸ் இறங்கிக்கொண்டே போகும், உச்சத்தில் 2 ஓம் வாக்கில் வந்து நிற்கும். அவுட்புட் இம்பிடன்ஸ் கூடிய ஆம்ப்பை இதில் இணைத்தால் ட்ரெபிள் மங்கிவிடும். குவாட் 2-ல் ஃபீட்பேக் மூலம் அவுட்புட் இம்பிடன்ஸைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஒரே கைதான் ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் செய்தது என்பதால் கிடைத்த பொருத்தம் இது. இன்றைய எலக்ட்ரோஸ்டேடிக்குகளில் சில 20 கிலோஹெர்ட்ஸில் 1 ஓமுக்கும் கீழே போகின்றன. அங்கே சின்ன வால்வு ஆம்ப் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் 800 வரிசையில் உள்ள பெரிய ஸ்பீக்கர்கள். விவரத்தாளில் 90 டெசிபல், 8 ஓம் என்றிருக்கும். பார்த்தால் சாது. ஆனால் அதே வரியில் ‘குறைந்தபட்சம் 3 ஓம்’ என்றும் கம்பெனியே நேர்மையாகப் போட்டிருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் 300பி வாங்கிவிட்டால் பல லட்ச ரூபாய் ஸ்பீக்கர் உயிரில்லாமல் ஒலிக்கும். இந்த மாதிரி ஸ்பீக்கருக்கு வால்வுதான் வேண்டுமென்றால் கேடி88 நான்கோ எட்டோ உள்ள பெரிய புஷ்-புல் ஆம்ப், அதுவும் 4 ஓம் டேப்பில். அல்லது டிரான்சிஸ்டர் ஆம்ப்போடு சந்தோஷமாக இருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

குறைந்தபட்ச ஓம் தாளில் இல்லையென்றால் அளவீடுகளை வெளியிடும் பத்திரிகைகளில் தேடுங்கள். ஸ்டீரியோஃபைலில் ஜான் அட்கின்சன் அளந்த இம்பிடன்ஸ் வளைகோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் படத்தில் இன்னொரு கோடும் ஓடும். அது ஃபேஸ் கோணம். இம்பிடன்ஸ் பள்ளத்தில் இருக்கும் அதே இடத்தில் கோணமும் மைனஸ் 45 டிகிரியை நெருங்கினால், 4 ஓம் பள்ளம் ஆம்ப்புக்கு 2 ஓம் போலக் கனக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் தேர்வு

வால்வு ஆம்ப்பின் பின்னால் 4, 8, 16 என்று திருகு முனைகள் இருக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்கள் அவை. வால்வு பல ஆயிரம் ஓம் சுமையை எதிர்பார்க்கிறது, ஸ்பீக்கரிடம் இருப்பதோ சில ஓம். மலைப்பாதையில் பஸ் டிரைவர் கியரை மாற்றுவது போல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மற்றதாக மாற்றித் தருகிறது.

8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பில்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை. அதை 4 ஓம் டேப்பில் இணைத்தால் வால்வு பார்க்கும் சுமை இரண்டு மடங்காகும். உச்ச வாட் குறையும், பெரும்பாலும் டிஸ்டார்ஷனும் குறையும். அவுட்புட் இம்பிடன்ஸ் கிட்டத்தட்டப் பாதியாகும், பேஸ் இறுகும். வாட் மிச்சமிருப்பவர்கள் இதை அவசியம் முயன்று பார்க்க வேண்டும். பைசா செலவில்லாத திருத்தம். எதிர்த்திசையில், 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பில் போடுவதைத் தவிருங்கள். வால்வு கூடுதல் கரண்ட் இழுக்கும், ஒலி கரகரக்கும். பெயரளவு எண்ணைப் பார்த்து டேப்பைத் தேர்ந்தெடுக்காமல், பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டேப்பை மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே பொறி பறக்கும். டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்ப்பின் விலையில் பெரும்பங்கு போயிற்று. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது இது. அங்கே ஷார்ட் ஆவதுதான் பயம், இங்கே திறந்து கிடப்பது.

ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் எங்கும் குறிப்பிடப்படவில்லையா? நீங்களே அளக்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் 8 ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒன்றை இணைத்து, போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, முனையில் 2 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். ஆம்ப்பை அணைத்து, இரண்டு ரெசிஸ்டரையும் தொடராக்கி 16 ஓமாக இணைத்து, வால்யூமைத் தொடாமல் மறுபடி அளந்து பாருங்கள். 2.22 வோல்ட் வந்தால் அவுட்புட் இம்பிடன்ஸ் 2 ஓம். 2.06-ஐ ஒட்டி வந்தால் அரை ஓம். இந்த இரண்டையும் வைத்து உங்கள் ஆம்ப் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ரெசிஸ்டர் சுடும், கை வைக்காதீர்கள். ஆம்ப்பின் அடிமூடியைத் திறக்கவும் வேண்டாம். 400, 500 வோல்ட் உள்ளே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

ஸ்பீக்கர் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் 5 மீட்டருக்குப் போக வர 0.08 ஓம்கூட வராது. ஆம்ப்பே 2 ஓம் வைத்திருக்கும்போது, மீட்டர் பல ஆயிரம் ரூபாய் வயர் எதைத் திருத்தும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கையில் இருப்பதை வைத்து

சிங்கிள் எண்டட் ஆம்ப் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் 95 டெசிபலுக்குக் குறையாத, 6 ஓமுக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கரைத் தேட வேண்டும். கம்பெனிக் கணக்கில் 96 டெசிபல், 10 ஓம் கொண்ட டெவோர் ஓராங்குட்டான் ஓ/96 இதற்கென்றே செய்தது போன்றது. டானாயின் பெரிய டூயல் கான்சென்ட்ரிக் ஸ்பீக்கர்கள், கிளிப்ஷின் பழைய ஹார்ன் வரிசை ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். இவையெல்லாம் பெரிய பெட்டிகள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், உயர்ந்த சென்சிடிவிட்டி மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னால் அளவீட்டைக் கேளுங்கள்.

புஷ்-புல் 35 வாட் வைத்திருப்பவர்களுக்குக் கடையே திறந்திருக்கிறது. 87 டெசிபலுக்கு மேல், 5 ஓமுக்குக் கீழே போகாத எதுவும் சரிப்படும். மேக்னபான் போன்ற தகட்டு ஸ்பீக்கர்கள் 4 ஓம்தான். ஆனால் அவற்றின் இம்பிடன்ஸ் கோடு ஏறக்குறைய நேர்க்கோடு. ஒலிக் குணம் கெடாது, வாட் மட்டும் நிறைய வேண்டும்.

பேஸ் போதவில்லையென்றால் தனி ஆம்ப் உள்ள சப்வூஃபர் ஒன்றைச் சேருங்கள். தாழ்ந்த சுதியின் உழைப்பை அது ஏற்றுக்கொள்ளும்.

நம் வீட்டு மின்சாரம்

ஜப்பான் உள்ளூர் மாடல்கள் 100 வோல்ட், அமெரிக்க மாடல்கள் 120. நமக்கு 230. அதுவும் பெயரளவுதான். லைனில் 250 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.85 போகும், வால்வின் ஆயுள் குறையும். ஒரு வாரம் காலை, மாலை, நள்ளிரவு அளந்து பார்த்துவிட்டு, தேவையென்றால் சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் லைனில் வால்வு ஆம்ப்பை இணைக்காதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். கரண்ட் போய்ப் போய் வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கேடி88 நான்கு உள்ள ஆம்ப் 150 வாட்டுக்கு மேல் வெப்பமாகவே கக்கும். கண்ணாடிக் கதவு ஷோகேஸ் அதற்கு இடமல்ல.

கடைசிப் படி வீட்டில் கேட்பது. கடையின் அறை உங்கள் அறையல்ல. நீங்கள் தினமும் கேட்கும் பாட்டுகளையே போடுங்கள். காட்சிக்கென்று தயாரித்த பதிவுகள் எல்லா ஆம்ப்பிலும் நன்றாகத்தான் ஒலிக்கும். பேஸ் கிடார் படிப்படியாக இறங்கும் இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஒரே பலத்தில் கேட்கிறதா? தொப்பி அடி விழுந்து உடனே அடங்குகிறதா, இழுக்கிறதா? பெண் குரல் உச்சஸ்தாயியில் கூர்மையாகிக் குத்துகிறதா? கூட்டு வாத்தியம் உரக்க வரும்போது எல்லாம் ஒன்றாகக் கலங்குகிறதா? முதல் மூன்றும் இம்பிடன்ஸ் பொருத்தத்தைக் காட்டும், நான்காவது வாட் போதாமையை. ஒவ்வொன்றையும் இரண்டு டேப்பிலும், ஒரே ஒலி அளவில் வைத்துக் கேளுங்கள். அரை டெசிபல் உரக்க வந்தாலும் காது அதைத்தான் உயர்ந்தது என்று சொல்லும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த விலைப் பொருளுக்கு அதைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.